நாற்பத்தைந்தைத் தொடாதவர்கள்

உடுமலை டவுன் பஸ்ஸின் முன்வாசலில் ஏற வேண்டுமென்றால் செறிவெண் முப்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்குப் பின்வாசல். பின்வாசலில் ஏறி, முன்னால் காலியாகக் கிடக்கும் சீட்டுகளைப் பார்த்தபடியே தொங்கிக்கொண்டு போக வேண்டும். சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. யாரும் எழுதி ஒட்டவும் இல்லை. சட்டமாக இருந்தால் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். பழக்கத்தை எதிர்த்து எங்கே போவது?

நாச்சிமுத்துவின் செறிவெண் பதினொன்று. ஆனாலும் அவர் முன்வாசலில்தான் ஏறுவார். அரசு உரிமம் பெற்ற அளவர் என்பதால் கண்டக்டர் கண்டுகொள்வதில்லை. ஊரார் எண்ணையெல்லாம் அளந்து சொல்கிறவரிடம் போய் அவருடைய எண் என்னவென்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பின் மேல் அவர் பன்னிரண்டு வருடங்களாகச் சொகுசாக உட்கார்ந்து பயணம் செய்தார். இதற்காகத் தினமும் ஒருமுறை, பழனி ரோடு திருப்பத்தில், தன்னைப் பற்றிக் கேவலமாக நினைத்துக்கொள்வார். திருப்பம் தாண்டியதும் மறந்துவிடுவார்.

அவருடைய அளவகத்தில் இருந்த ஆதிமானி ஓர் இட்லிக் குண்டான் அளவுதான். பக்கவாட்டில் ஒரு துளை. அதில் சுட்டுவிரலை நுழைத்து ஏழு விநாடி ஆடாமல் வைத்திருந்தால் மேலே, அளவரைப் பார்த்த திரையில், சிவப்பில் ஓர் எண் எரியும்: செறிவெண். அந்த எண்ணை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு, பஸ்ஸில் வாசல், கல்யாண மண்டபத்தில் நாற்காலி, சில வீடுகளில் தண்ணீர் குடிக்கும் டம்ளர்கூட.

அன்று திங்கட்கிழமை. முதல் ஆளாக ஒருவர், பிறந்து இருபத்தெட்டு நாளான குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அளவரே, சித்தப் பாத்து அளங்க. என்ற சம்சாரம் பத்து மாசமும் செறிவரிசி தவிர ஒண்ணுந் தொடலீங்க."

சாதாரணப் பொன்னி அரிசியைக் கறுப்புப் பையில் போட்டால் அதற்குப் பெயர் செறிவரிசி. நாச்சிமுத்து, பூவரசங் காம்பைப் போலிருந்த குழந்தையின் விரலை மெதுவாகத் துளைக்குள் வைத்தார். குழந்தை அதைத் தாயின் கை என்று நினைத்ததோ என்னவோ, இதமாகச் சிரித்தது. பதினான்கு என்று எரிந்தது.

அப்பன்காரர் முகம் பரீட்சையில் தோற்றவனின் முகமாகிவிட்டது. "நாப்பத்தஞ்சு வருமுன்னு நம்புனமுங்க."

"நாப்பத்தஞ்சு இதுவரைக்கும் ஒலகத்துல ஒருத்தருக்கும் வந்ததில்லீங்களே."

"அதனாலதானுங்க, நம்ம புள்ளைக்கு வரும்னு நெனச்சம்."

இப்படிப்பட்ட பதிலுக்கு எதிர்ப்பதில் பேசக்கூடாது என்பது தொழில் அனுபவம். நாச்சிமுத்து சான்றிதழில் பதினான்கு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவர் சொன்னது உண்மைதான். உலகத்தில் இதுவரை எரிந்த எண்களில் மிகப் பெரியது நாற்பத்துநான்கு. ஏன் நாற்பத்தைந்து எரிவதில்லை என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். ஜனங்கள் கேட்கவில்லை, அதை மோட்சமாக்கிவிட்டார்கள். நாற்பத்தைந்து ஜவுளிக்கடை வந்தது. நாற்பத்தைந்து பள்ளிக்கூடம் வந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் தங்களைச் செறியர் என்று அழைத்துக்கொண்டு ஒரு பேரவை தொடங்கினார்கள். 'நாற்பத்தைந்தை நோக்கி' என்று அதற்குத் தலைவாசலில் பெரிய போர்டு. நாற்பதும் நாற்பதும் கல்யாணம் செய்துகொண்டே போனால் ஏழு தலைமுறையில் நாற்பத்தைந்து பிறந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். முப்பதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அவர்களே பெயரும் வைத்தார்கள்: நொய்யர். புடைத்த பிறகு முறத்தில் மிஞ்சும் குருணையை நினைத்து வைத்த பெயர். நொய்யர்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்துக்கு மேலே இருந்த நொய்யர், பத்துக்குக் கீழே இருந்த நொய்யரைப் பார்த்து ஆறுதல் அடைந்துகொண்டார்கள்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது ஓர் ஆயுத பூஜை நாளில். ஒரு மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் விண்கற்களை அளப்பதற்காகத்தான் ஆதிமானியைச் செய்தார்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் விநாடியில் எல்லா இடமும் ஒரே மாதிரி நெருக்கமாக இருக்கவில்லையாம்; இங்கே கொஞ்சம் கூடுதல், அங்கே கொஞ்சம் குறைவு. ஒரு கல் எந்த இடத்துச் சரக்கால் ஆனது, அந்த இடம் சராசரியைவிட நூற்றுக்கு எத்தனை பங்கு கூடுதல் நெருக்கம் என்று சொல்வதுதான் கருவியின் வேலை. நட்சத்திரம் ஒன்றுகூடப் பிறக்காத காலத்திலேயே கருந்துளைகள் எப்படி வந்தன என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டவர்கள் செய்த கருவி. நல்ல மனிதர்கள். அவர்களுக்கு ஆயுத பூஜை அன்று கருவிகளை அணைத்து வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அலுவலக உதவியாளர் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். ஆதிமானியின் துளையைச் சுற்றிச் சந்தனம் வழிய, உள்ளே விரலை விட்டுத் துடைத்தார். முப்பத்தொன்று என்று எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்துக்கொண்டே தம் விரலை வைத்தார். பன்னிரண்டு. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இயக்குநர் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டார், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் மலையடிவாரத்தில் விரல்களின் வரிசை. கற்களை அளக்க நேரம் இல்லாமல் போய், ஆராய்ச்சி நின்றே போயிற்று.

ஆதிமானியோடு ஒரு கையேடு வரும். அதை ஊரில் படித்த ஒரே அளவர் நாச்சிமுத்து. மூன்றாம் பக்கத்தில் இரண்டு குறிப்புகள். ஒன்று: மனித உடம்பை இதில் அளப்பதற்கு அர்த்தம் இல்லை, உடம்பின் சரக்கு சாப்பாட்டுக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, நாற்பத்தைந்து ஏன் எரியாது என்பதற்கான காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்துவிட்டார். படித்துவிட்டுக் கையேட்டை மூடி, ஆதிமானியின் பெட்டிக்கு அடியில் தள்ளினார். தள்ளியதோடு சரி. ஊர் முட்டாளாக இருப்பதில் தமக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஊரை அவர் எவ்வளவு மட்டமாக நினைத்தாரோ, அதைவிட ஒரு படி கீழே தன்னை வைத்திருந்தார். அதையும் ஓர் அளவு என்றுதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை தெய்வசிகாமணி அளவகத்துக்கு வந்தார். செறியர் பேரவையின் வட்டாரத் தலைவர். செறிவெண் நாற்பத்தொன்று. அதைத் தம் காரின் கண்ணாடியில் சாமி படத்துக்கு மேலே ஒட்டி வைத்திருப்பவர். அவருடைய மகன் மகிழ்நனுக்கும் நாச்சிமுத்துவின் மகள் நறுமுகைக்கும் வெள்ளிக்கிழமை உப்புச்சக்கரை மாற்றுவதாக ஏற்பாடு. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் தட்டு மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அந்தப் பழைய சடங்குக்கு முன்னால் இப்போது புதிதாக ஒன்று நுழைந்திருந்தது: மேடையில் மாப்பிள்ளை, பெண் இருவரின் எண்ணையும் அளந்து சபைக்கு வாசிக்க வேண்டும்.

மகிழ்நன் தளி ரோட்டில் எருமைப் பண்ணை வைத்திருந்தான். நறுமுகை கால்நடை மருத்துவர். போன வருடம் அவனுடைய எருமை ஒன்று கன்று போட முடியாமல் தவித்தபோது, அவள் தோள் வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்துப்போட்டாள். வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகிழ்நன், கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டான்.

"வெளியளவர் எதுக்குங்க, நம்ம சம்பந்தியே வாசிக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்," என்றார் தெய்வசிகாமணி. "பொண்ணு எண்ணு முப்பதுக்கு மேல இருக்குமில்லீங்க?"

"ஆறுங்க."

தெய்வசிகாமணி மேலே மின்விசிறியைப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஆறுன்னா, ஆறேதானுங்களா?"

"ஆறேதானுங்க. புள்ளையா இருக்கறப்ப ஏழு இருந்துச்சு."

"செரி உடுங்க," என்று தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டார். "முப்பத்தெட்டுன்னு வாசிச்சுருங்க. திரை உங்களப் பாத்துத்தான இருக்குது. நீங்க சொல்றதுதான் எண்ணு."

"பொய்யாப் போயிருங்களே."

"பொய்யில்லீங்க, சபைக்குத் தக்கன சொல்றது. என்ற பையன் இந்தப் புள்ள இல்லீன்னா கலியாணமே வேண்டாங்கறான். நாப்பத்தொண்ணுக்கும் புள்ளப்பாசம் இருக்குமுங்க." அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. உடனே கனைத்துச் சரிசெய்துகொண்டார். "ஆனா ஆறுன்னு சபையில உளுந்துச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயாகோணும். அப்பனா உக்கார ஆசதான். தலைவரா எந்திரிச்சுப் போகோணும். எனக்கு அந்தச் சங்கடத்தக் குடுத்துப்போடாதீங்க."

சாயங்காலம் வீட்டில் நாச்சிமுத்து இதைச் சொன்னபோது, மனைவி வசந்தாமணி சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நறுமுகை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தவிடும் டெட்டாலும் கலந்த வாசனையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தெட்டா? யாருதுப்பா அது?"

"ஒரு பேச்சுக்கு, அம்மிணி."

"நீங்க முப்பத்தெட்டுன்னு வாசிச்சா நான் மேடைய விட்டு எறங்கிப் போயிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல. அப்புறம் ஆயுசுக்கும் முப்பத்தெட்டாட்டம் நடிக்கோணும். முப்பத்தெட்டு எப்படி நடக்கும், எப்படிச் சோறு திங்கும், எனக்கு என்ன தெரியும்?"

"ஆறுன்னு வாசிச்சா அவிய எந்திரிச்சுப் போயிருவாங்க கண்ணு," என்றாள் வசந்தாமணி. "எங்கண்ணன் வேற தாய்மாமன்னு தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஏற்கெனவே அந்த வீட்டு ஆளுகளக் கண்டா அதுக்குப் பேச்சு வராது."

"போன மாசம் அப்பாவோட மானிய ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனனே, எதுக்குன்னு ரெண்டு பேருல ஒருத்தராவது கேட்டீங்களா?"

வசந்தாமணி சேலையின் மடிப்பை மாற்றிப் போட்டாள்.

"மகிழ்நன் பண்ணையில இருக்கற பெரிய எருமை இருக்குதில்ல, அதோட காது நுனிய வெச்சுப் பாத்தேன். நாப்பத்திமூணு."

வசந்தாமணியின் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. "எருமைக்கா?"

"எருமைக்குத்தான். அவங்கப்பாவவிட ரெண்டு சாஸ்தி. அதுக்கு அந்தப் பெருமையே தெரியலம்மா. பருத்திக்கொட்டை தின்னுட்டு நின்னுச்சு. மகிழ்நன்கிட்டச் சொன்னேன். பகல் பூரா சிரிச்சாரு. பால் கறக்க வந்தவங்க எல்லாம் என்னமோ ஏதோன்னு பயந்துட்டாங்க. அன்னிக்குத்தான் நானும் சரின்னு சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சேலை லேசாகப் புகைந்தது. வசந்தாமணி சட்டென்று தூக்கினாள்.

"மூணாம் பக்கத்தப் படிச்ச அளவர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தானப்பா," என்றாள் நறுமுகை, எழுந்து முகம் கழுவப் போகும்போது.

"நீயும் படிச்சியா?"

"பொட்டிக்கு அடியிலயே இருந்துச்சே. நல்லா அழுக்குப் படாம வெச்சிருக்கறீங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் வெள்ளை உறை போட்ட சோபாக்களில் செறியர்கள். அதற்குப் பின்னால் இரண்டு கஜம் இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண் வீட்டுச் சொந்தபந்தம். நாச்சிமுத்துவின் மைத்துனர் சென்னியப்பன், செறிவெண் எட்டு, உப்புத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஆதிமானிக்கு மாலை போட்டு, துளையைச் சுற்றிச் சந்தனம் வைத்திருந்தார்கள். அந்த மலைமேல் உதவியாளர் செய்ததை யாரோ சாஸ்திரம் ஆக்கிவிட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை விரல் வைத்தான். நாற்பத்தொன்று. நாச்சிமுத்து வாசித்தார். சோபாக்கள் கைதட்டின. மகிழ்நன் மட்டும், தன் விரலைச் சந்தனம் போகத் துடைத்துக்கொண்டு, அது யாருடைய எண்ணோ என்பதுபோல் நின்றான்.

நறுமுகை விரல் வைத்தாள். நகம் ஒட்ட வெட்டியிருந்த விரல். நுனியில் ஏதோ கன்று கடித்த தழும்பு. எத்தனை பிராணிகளை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்ட கை என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. ஏழு விநாடி. தொண்டையில் முப்பத்தெட்டைத் தயாராக வைத்திருந்தார். வீட்டுக் கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லியும் பார்த்திருந்தார்.

"ஆறு," என்றார்.

ஒலிபெருக்கி அதை நல்ல தெளிவாகச் சொல்லியது. சமையல்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் மேடை வரை கேட்டது. தெய்வசிகாமணி துண்டைச் சரிசெய்தார், வேட்டியைச் சரிசெய்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்றானதும் மெதுவாக எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

நாச்சிமுத்து ஒலிவாங்கியை விடவில்லை. "உக்காருங்க சம்பந்தி. எந்திரிக்கறதுன்னா நான் சொல்றதக் கேட்டுப்போட்டு எந்திரிங்க. நாப்பத்தஞ்சு ஏன் யாருக்குமே வர்றதில்லைன்னு இந்தச் சபையில யாருக்காச்சும் தெரியுங்களா?"

தெய்வசிகாமணி உட்காரவில்லை, போகவும் இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க. பன்னண்டு வருசமாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம உங்க விரலையெல்லாம் அளந்து பொழச்சுக்கிட்டு இருந்த ஆளு நான். மொத விநாடியில ஒலகம் பூரா கொதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. சாஸ்தி நெருக்கமா இருந்த எடம் பக்கத்துல இருக்கறதையும் தன்ற பக்கம் இழுக்கும். உள்ள இருக்கற சூடு அதை வெளிய தள்ளும். பொள்ளாச்சி பஸ்ஸாட்டமுன்னு வெச்சுக்கங்க. கூட்டம் கொஞ்சம் சாஸ்தின்னா இடிச்சுப் புடிச்சு நம்ம ஸ்டாப்புல எறங்கிக்கலாம். ஒரு அளவு தாண்டிப்போச்சுன்னா, எறங்க நெனைக்கறவனும் எறங்க முடியாது. நூத்துக்கு நாப்பத்தஞ்சு சாஸ்திங்கறது அந்த அளவுங்க. அதைத் தொட்ட எடமெல்லாம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள, தன்ற பாரத்துல தானே நசுங்கிக் கருந்துளையாப் போயிருச்சு. ஒலகத்துல மொதமொதல்ல வந்த கருந்துளை எல்லாம் அப்படி வந்ததுதான். உள்ள போனதுல ஒரு தூசிகூடத் திரும்பி வரல. அதுல போய் விழாம மிச்சம் மீதி எது கெடந்துச்சோ, அதுதான் சூரியன், அதுதான் பூமி, அதுதான் நம்ம எல்லாரும். நாப்பத்தஞ்சை நோக்கின்னு போர்டு வெச்சிருக்கறமே, அது மோட்சமில்லீங்க. குழி. நாப்பத்தொண்ணுன்னா குழிக்கு ஓரத்துல கெடந்த சரக்கு, அவ்வளவுதான் அர்த்தம். உங்க பண்ணையில நிக்கற எருமை நாப்பத்திமூணு. அது என்னையவிடவும் ஒசத்தியில்ல, உங்களவிடவும் ஒசத்தியில்ல. எம்பொண்ணு ஆறு. அதனால அவளும் ஒசத்தியில்ல, மட்டமுமில்ல. உடம்போட எண்ணே தின்னற சோத்துக்குத் தக்கன மாறும்னு இந்த மானியோட வந்த புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

பேசி முடித்தபோது அவருக்கு முதுகு முழுக்க வேர்த்திருந்தது. பன்னிரண்டு வருட அழுக்கு ஒரேயடியாகக் கழுவப்பட்டதுபோல் லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி உலகம் திருந்திவிடும் என்று ஒரு மனிதன் நினைக்கிற நேரம் அதிகபட்சம் பத்து விநாடி. நாச்சிமுத்துவுக்கு எட்டு விநாடி கிடைத்தது.

தெய்வசிகாமணி நாலு தேர்தல் பார்த்தவர். அவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"இதைத்தானுங்க நான் ரொம்ப நாளா பேரவையில சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். குழி. சம்பந்தி சரியான வார்த்தையச் சொல்லிப்போட்டாரு. குழியில இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு ஒசத்தி. நம்ம தாலுகாவுலயே தூரமா இருக்கறது ஆறு. அந்த ஆறைத்தான் நான் தேடிப்புடிச்சு மருமவளாக் கொண்டுட்டு வர்றேன்."

"நான் அப்படிச் சொல்லலீங்க," என்றார் நாச்சிமுத்து. ஒலிவாங்கி அவர் கையில் இல்லை.

சபை ஒரு நிமிடம் யோசித்தது. அதற்குப் பிறகு சோபாக்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்போல், செருப்பைத் தேடுகிறவர்கள்போல் எழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள், சும்மா காலாற நடக்கிறவர்கள்போல் முன்னால் வந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை, யாரும் யாருக்கும் வழி விடச் சொல்லவில்லை. அப்பளம் பொரித்து முடிப்பதற்குள் சோபாக்களில் நொய்யரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் செறியரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த இரண்டு கஜ இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

சென்னியப்பன் நடு சோபாவில் முழுசாக உட்கார்ந்தார். இருமுறை எம்பிப் பார்த்தார். பிறகு உப்புத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"மாப்ள, சித்த இருங்க. குழியோரத்து ஆளுகளுக்கு நம்ம ஆறைத் தூக்கிக் குடுக்கறதா?"

"மச்சான், நேத்து வரைக்கும் அவங்க வாசப்படி மிதிக்க உங்களுக்குக் காலு நடுங்குச்சு."

"அது நேத்துங்க மாப்ள." அவர் நிதானமாகச் சொன்னார். எட்டு என்ற எண்ணுக்கு இருக்க வேண்டிய கம்பீரம் அதற்குள் அவருக்கு வந்துவிட்டிருந்தது. "தாய்மாமன் நான் தட்டக் குடுத்தாத்தான உப்புச்சக்கரை? பையன இன்னொருக்கா அளங்க. சோத்துக்குத் தக்கன மாறும்னு நீங்கதான சொன்னீங்க? காலையில இருந்து மாப்பிள்ள பட்டினி. கொறஞ்சிருக்கும். ஒரு பதினஞ்சுக்குக் கீழ வந்துச்சுன்னா மேக்கொண்டு பேசலாம்."

"என்னதையும் அளங்க," என்றது ஒரு குரல்.

"நானும் காலையில இருந்து ஒண்ணும் திங்கலீங்க," என்றது இன்னொன்று.

தட்டைச் சோபாவில் வைத்துவிட்டு, முதலில் மேடை ஏறியவர் சென்னியப்பன்தான். அவருக்குப் பின்னால் நாலு பேர், நாலு பேருக்குப் பின்னால் நாற்பது பேர். அளந்துகொள்ள விரும்பியவர்கள் பாதிப் பேர்தான் இருந்திருப்பார்கள். எல்லோரும் போகிறார்களே என்று போனவர்கள் மீதிப் பாதி. போட்டோக்காரர் போனார். நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். சமையல்காரர் கரண்டியோடு போனார். மாடு மிரள்வதற்கு முன்னால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது நறுமுகைக்குத் தெரியும். அவள் மகிழ்நனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கப்படியில் இறங்கிவிட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆதிமானியைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதோடு அந்த இரண்டு கைகளும் போயின. முன்னால் ஒரு முதுகு, பக்கத்தில் ஒரு தோள், காதில் யாருடைய மூச்சோ. எங்கிருந்தோ விரல்கள் மட்டும் வந்து துளைக்குள் நுழைந்தன. ஒன்பது, முப்பத்திரண்டு, பதினேழு என்று எரிந்துகொண்டே இருந்தது. எது யாருடைய விரல் என்று விரலுக்குச் சொந்தக்காரருக்கே தெரியவில்லை. சிறிய எண் எரிந்தபோதெல்லாம் ஆறேழு பேர் அது என்னுது என்றார்கள். வெளியே போய்விட நினைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் அசைய அசைய, இன்னும் உள்ளேதான் நகர்ந்தார்கள்.

யாரோ ஒருவருடைய கக்கத்து இடுக்கு வழியாக நாச்சிமுத்துவுக்கு மண்டபத்தின் ஒரு துண்டு தெரிந்தது. காலி நாற்காலிகள். நடு சோபாவுக்கு முன்னால் நறுமுகையும் மகிழ்நனும் நின்றார்கள். அவன் கையில் சர்க்கரைத் தட்டு, அவள் கையில் மாமன் விட்டுப்போன உப்புத்தட்டு. வசந்தாமணி மூக்கைச் சிந்திக்கொண்டே, எந்தத் தட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைகாட்டினாள். தட்டுகள் மாறின. கொஞ்சம் உப்பு தரையில் சிந்தியது. மகிழ்நன் என்னவோ சொன்னான். நறுமுகை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள நாச்சிமுத்து உயிரையே கொடுத்திருப்பார். கண் நிறைந்து வழிந்தது. துடைப்பதற்குக் கை இல்லை.

அவருக்கு இடப்பக்கத்தில், தாடையோடு தாடை உரச, தெய்வசிகாமணி நெருங்கிக் கிடந்தார். துண்டு எங்கேயோ போயிருந்தது.

"அங்க என்னமோ நடக்குதாட்ட இருக்குதுங்களே சம்பந்தி. எனக்கு ஒருத்தரு காது மறைக்குது."

"உப்புச்சக்கரை மாத்திப்போட்டாங்க."

"நாம இல்லாமயா?"

"நாம அங்க இல்லாததாலதானுங்க."

சம்பந்தியின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியதை நாச்சிமுத்து தம் விலாவில் உணர்ந்தார். எப்படியோ தெய்வசிகாமணிக்கு ஒரு கை மட்டும் விடுபட்டது. தம் கண்ணைத் துடைத்துவிடத்தான் வருகிறது என்று நாச்சிமுத்து நினைத்தார். அந்தக் கை அவர் கன்னத்தைத் தாண்டிக் கீழே போய், தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்தது.

"அதுக நல்லாருக்கட்டுமுங்க," என்றார் தெய்வசிகாமணி. "எனக்கு இப்ப எவ்வளவு காட்டுது, சித்தப் பாத்துச் சொல்லுங்க."